காரைத் தூக்கி நிறுத்தும் என் தங்கை

என் தங்கை எடை மேடையில் வேலை பார்க்கிறாள். சரக்கு லாரிகள் ஏறி நின்று எடை பார்த்துக்கொண்டு போகிற இடம். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, அதற்குள் ஒரு மேஜை, மேஜையின் மேல் சிவப்பு எண்கள் ஓடும் ஒரு பெட்டி. பத்தொன்பது வருடமாக அந்தப் பெட்டியைப் பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுத்துவருகிறாள். இதுவரை ஒரு சீட்டுகூடத் தகராறாகித் திரும்பி வந்ததில்லை. இதை அவள் சொல்லிக்கொள்ள மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன்.

நான் அவளைவிட ஆறு வயது மூத்தவன், தையல்காரன், எட்டாவதோடு படிப்பை விட்டவன். அவள் பன்னிரண்டு வரை படித்தாள். எங்கள் வீட்டில் அதுதான் அதிகபட்சப் படிப்பு.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் வைத்த பட்டப்பெயர் குடைச்சல். எதைப் பார்த்தாலும் குடைந்து குடைந்து கேட்பாள். ஒன்பது வயதிருக்கும்போது அம்மா அவளை மாவு மில்லுக்கு அனுப்பினாள். அரை மணி நேரமாகியும் ஆளைக் காணவில்லை என்று நான் தேடிப் போனேன். மூட்டை நிறுக்கும் தராசின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். மில்காரர் இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, ஒரு காலைத் தூக்கினா பாதி எடையாயிடும்னு பார்த்தியா?”

“இல்லை, ரெண்டு காலிலும் நின்னா இருபத்திரண்டு கிலோ. ஒரு காலில் நின்னாலும் இருபத்திரண்டுதான். அப்போ தூக்கின கால்ல இருந்த பாதி எங்கே போச்சு?”

“எங்கேயும் போகலை. நிக்கிற காலுக்குத்தான் போச்சு.”

“அப்போ அந்தக் கால் இப்போ எனக்கு ரெண்டு மடங்கு வேலை செய்யுது” என்றாள். வீடு வரும் வரைக்கும் வலது கால், இடது கால் என்று மாற்றி மாற்றி நொண்டிக்கொண்டே வந்தாள். மாவு சிந்தியதற்கு நான்தான் திட்டு வாங்கினேன்.

எடை மேடை வேலை கிடைத்ததும் அவளுக்கு ஏற்ற இடம் இதுதான் என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம். அங்கே அவள் இரண்டு பழக்கங்களைக் கற்றுக்கொண்டாள். காலையில் முதல் லாரி வருவதற்கு முன்னால் மேடையைச் சுற்றி நடந்து, விளிம்பில் சிக்கிய கல்லையும் குப்பையையும் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, பெட்டியில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்ப்பாள். இது ஒன்று. லாரி ஏறி நின்றதும் உடனே சீட்டு அடிக்க மாட்டாள் என்பது இரண்டாவது. எண் மேலும் கீழும் ஆடும். ஆடி அடங்கி ஒரே எண்ணில் நின்ற பிறகுதான் அடிப்பாள். தண்ணீர் லாரி என்றால் உள்ளே தண்ணீர் அலைந்துகொண்டே இருக்கும், எண்ணும் அலைந்துகொண்டே இருக்கும். ஓட்டுநர்கள் ஹாரனை அழுத்துவார்கள்.

“அக்கா, சீட்டைக் குடுங்க, நேரமாச்சு!”

“எண் இன்னும் நிக்கலை.”

இப்படிச் சொல்லிச் சொல்லி, லாரிக்காரர்கள் நடுவில் அவளுக்கு ‘எண் நிக்கலை அக்கா’ என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒருமுறை தண்ணீர் லாரிக்காரர் ஒருவரை மூடியைத் திறக்கச் சொல்லி, ஏணியில் ஏறி, அலை எத்தனை நேரத்தில் அடங்குகிறது என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தாளாம். அந்த ஓட்டுநரே என் கடைக்குச் சட்டை தைக்க வந்தபோது சொன்னார். “உங்க தங்கச்சிக்கு என்னதான் சார் வேணும்?” என்று கேட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவர் சட்டைக்கு ஒரு பொத்தான் கூடுதலாக வைத்துக் கொடுத்தேன்.

அவள் கணவர், என் மாப்பிள்ளை, ஒரு ரொட்டிக் கடையின் வண்டி ஓட்டுகிறார். விடிவதற்குள் நாற்பது கடைகளுக்கு ரொட்டி இறக்க வேண்டிய வேலை. அதனால் எதற்கும் அவசரம். ‘ஒரு நிமிஷ வேலை’ என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும் சொல். நல்ல மனுஷன். கோபம் வந்தாலும் அதற்கும் ஒரு நிமிஷம்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் இருவரும் சேர்ந்து ஒரு பழைய கார் வாங்கினார்கள். வாங்கிய வாரமே, லாரி வராத ஒரு மத்தியானம், என் தங்கை அதை எடை மேடையில் ஏற்றினாள். முழுக் காரையும் ஒருமுறை, முன் சக்கரங்களை மட்டும் மேடையில் வைத்து ஒருமுறை, பின் சக்கரங்களை மட்டும் வைத்து ஒருமுறை. முன்பக்கம் ஐந்நூற்று நாற்பது கிலோ, பின்பக்கம் முந்நூற்று அறுபத்தைந்து. சீட்டைக் காரின் டாஷ்போர்டு அறைக்குள் வைத்தாள்.

“கல்யாணம் ஆன புதுசுல என்னையும் இப்படித்தான் எடை போட்டியா?” என்றார் மாப்பிள்ளை.

“போட்டேன். சீட்டு பீரோவில இருக்கு. இப்போ ஏறுங்க, வித்தியாசம் பார்க்கலாம்.”

காரில் வரும் சின்ன வேலைகளை மாப்பிள்ளை வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்வார். அதில் முதல் வருடமே ஒரு சம்பவம் நடந்தது. பின் சக்கரங்களின் பிரேக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. சக்கரம் வைத்த ஜாக்கி ஒன்றை இரவல் வாங்கி வந்து, காரின் பின்பக்க நடுவில் வைத்து, இரண்டு பின் சக்கரங்களையும் தரையைவிட்டுத் தூக்கினார். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துத்தான் வைத்திருந்தார். ஸ்பேனர் எடுக்க உள்ளே போனார். அவர் கதவைத் தாண்டியதும் கார் தானாக வாசல் பக்கம் நகர்ந்தது. முற்றம் மழைத் தண்ணீர் வெளியே ஓடுவதற்காக வாசலை நோக்கிக் கொஞ்சம் சரிவு. ஜாக்கியும் கூடவே உருண்டு, சிமெண்ட் இணைப்பில் தட்டிச் சாய்ந்தது. காரின் பின்பக்கம் தரையில் விழுந்தது. தெருவே எட்டிப் பார்த்தது.

மாப்பிள்ளை ஜாக்கியைத் திட்டினார், அதைக் கொடுத்தவரைத் திட்டினார். என் தங்கை யாரையும் திட்டவில்லை. மூன்று நாள் அதே நினைப்பாக இருந்தாள். ஹேண்ட் பிரேக் போட்ட கார் எப்படி நகரும்? நாலாவது நாள் கண்ணாடி அறையிலிருந்து எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, தெரிஞ்சு போச்சு. லாரி மெக்கானிக் ஒருத்தர்கிட்ட கேட்டேன். நம்ம கார்ல ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்குமாம்.”

“சரி, அதுக்கென்ன?”

“அந்தப் பின் சக்கரத்தைத்தானே நாம தூக்கினோம்! பிடிச்சுக்கிட்டிருந்த ரெண்டும் அந்தரத்தில. தரையில இருந்த முன் சக்கரத்தை யாருமே பிடிக்கலை.”

போனிலேயே கை தட்டுவாள் போலிருந்தது. கார் விழுந்த வருத்தத்தைவிட, ஏன் விழுந்தது என்று தெரிந்த சந்தோஷம் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஓர் ஒழுங்கு வைத்தாள். பின்பக்கத்தைத் தூக்கினால் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை, முன்பக்கத்தைத் தூக்கினால் பின் சக்கரங்களுக்கு. வண்டி கியரில் இருக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்; தாங்குவதற்கு நாலு கால் இரும்பு ஸ்டாண்டு இரண்டு. மாப்பிள்ளை முதலில் செங்கல் போதாதா என்றுதான் கேட்டார். மேடைக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்காரர் அச்சுக்கு அடியில் சிமெண்ட் கல்லை முட்டுக் கொடுத்ததையும், அது கீறல்கூட விடாமல் ஒரே நொடியில் தூளானதையும் அவள் கண்ணால் பார்த்திருந்தாள். தூளில் ஒரு பிடியைத் தாளில் மடித்து எடுத்து வந்து அவர் முன்னால் கொட்டினாள். மறுவாரம் ஸ்டாண்டு வந்துவிட்டது.

ஸ்டாண்டு வைக்கும் இடத்தையும் காரோடு வந்த புத்தகத்தில் படம் பார்த்துக் கண்டுபிடித்தாள். கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில் இரண்டு சின்ன வெட்டுகள் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் தகடு உறுதி. அங்கே வைத்து இறக்கிய பிறகு காரைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் தள்ளிப் பார்ப்பாள். அதற்குப் பிறகும் யாரும் உள்ளே போகக் கூடாது. ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருக்க வேண்டும்.

“எதுக்குடி காத்திருக்கணும்? அதுதான் ஆடலையே?” என்பார் மாப்பிள்ளை.

“எண் நிக்கட்டும்.”

“இங்கே எண் எங்கே இருக்கு?”

அந்தக் கேள்வி அவளை யோசிக்க வைத்தது. அடுத்த ஞாயிறு என் கடைக்கு வந்து தடித்த நூல் மூன்று முழம், சாக்குக்கட்டி ஒன்று, சட்டைப் பொத்தான் இரண்டு கேட்டாள். நூலின் நுனியில் ஒரு நட்டைக் கட்டிப் பின் பம்பரின் இடது கோடியில் தொங்கவிட்டாள். வலது கோடியில் இன்னொன்று. நட்டு தரையைத் தொடக் கூடாது. அதற்கும் தரைக்கும் நடுவில் ஒரு பொத்தான் இழுபடாமல் நுழைய வேண்டும், அவ்வளவு இடைவெளி. நேர் கீழே சாக்குக்கட்டியால் ஒரு குறி. டீ குடித்துவிட்டு வந்து பொத்தானை நுழைத்துப் பார்ப்பாள். இரண்டு பக்கமும் நுழைந்தால் எண் நின்றுவிட்டது என்று கணக்கு. ஆறேழு வருடமாக இரண்டு பக்கமும் நுழைந்துகொண்டேதான் இருந்தது. பொத்தான் பரீட்சை என்று மாப்பிள்ளை கேலி செய்வார். நானும் ஒன்றிரண்டு முறை சிரித்திருக்கிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். அம்மா முந்தின நாளே தங்கை வீட்டுக்கு வந்துவிட்டாள். காரின் சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வளையம் ஒன்று அறுந்து, ஓடும்போது தடதடவென்று அடித்தது. புது வளையம் கையில் இருந்தது. கழற்றி மாட்டுவதுதான் வேலை.

அன்று வெயில் கடுமை. அதனால் மாப்பிள்ளை காரை வழக்கமான இடத்தில் நிறுத்தாமல் ஒரு கெஜம் உள்ளே தள்ளி, சமையலறைச் சுவர் நிழலில் நிறுத்தியிருந்தார். தங்கை கட்டைகளை வைத்தாள், பின்பக்கத்தைத் தூக்கினாள், ஸ்டாண்டுகளில் இறக்கினாள், தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. ஜாக்கியையும் எடுக்காமல், தொட்டும் தொடாமலும் நடுவில் நிற்க விட்டாள். நட்டுகளைத் தொங்கவிட்டாள். நான் பொத்தான் நுழைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சரி.

“இப்போ டீ” என்றாள்.

“டீயைக் கொண்டா, இங்கேயே குடிச்சுக்கிட்டு ஒரு நிமிஷத்தில முடிச்சிடறேன்.”

“குடிச்சுட்டு முடிங்க.”

“மச்சான், உங்க தங்கச்சி எனக்குப் பொண்டாட்டியா, முட்டுக்கட்டையா?”

“ரெண்டும்தான் மாப்ள. நாங்க சேர்த்துத்தான் கொடுத்தோம்” என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். அம்மா மூக்குக் கண்ணாடி எங்கே என்று கூப்பிட்டதால் கொஞ்சம் நேரமாகிவிட்டது. நான் நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து புது வளையத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளை சாக்கை விரித்து, மல்லாந்து படுத்து, இடுப்பு வரைக்கும் காருக்கு அடியில் போய்விட்டார்.

“மாப்ள, அவ வரட்டுமே.”

“வரதுக்குள்ள முடிஞ்சிடும் மச்சான். அந்தப் பன்னிரண்டு நம்பரைக் குடுங்க.”

நான் ஸ்பேனரைக் கொடுத்தேன். அதை நான் கொடுத்திருக்கக் கூடாது.

தங்கை டீயோடு வந்தாள். கணவரின் கால்களைப் பார்த்தாள். டம்ளர்களைச் சுவர் மேல் வைத்துவிட்டு, குனிந்து வலது பக்கம் பொத்தானை நுழைத்தாள். போயிற்று. இடது பக்கம் வந்தாள். பொத்தான் போகவில்லை. நட்டு தரையில் படுத்திருந்தது. நூல் தொய்ந்திருந்தது.

அவள் முகத்தில் நிறம் மாறியது. எனக்கும் அது புரிந்தது. கார் இடது பக்கம் இறங்கியிருக்கிறது. என் மாப்பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அந்தக் கார்.

காலைப் பிடித்து இழுக்க நான் குனிந்தேன். அவள் என் தோளைப் பிடித்து நிறுத்தி, வேண்டாம் என்று தலையாட்டினாள். இழுத்தால் அவர் உதறுவார், எதிலாவது முட்டுவார். சத்தம் போட்டாலும் ‘ஒரு நிமிஷம்’ என்பார். அவள் சாதாரணக் குரலில், கறிகாய் விலை சொல்வது போலச் சொன்னாள்:

“ஏங்க, உங்க முதலாளி போன்ல. ரெண்டாவது தடவை அடிக்கிறார்.”

மாப்பிள்ளை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் பேச்சைக் கேட்டு அவர் இவ்வளவு வேகமாக எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

“எங்கே போன்?”

“போனெல்லாம் இல்லை. எழுந்து இப்படித் தள்ளி வாங்க.”

“பொய் சொன்னியா? அந்த மனுஷன் பேரைச் சொல்லியா? ஒரு போல்ட்டுதான் பாக்கி தெரியுமா உனக்கு?”

“இடது பக்கம் பொத்தான் நுழையலை.”

“நூல் நீண்டிருக்கும்.”

இதற்கு நானே பதில் சொன்னேன். “என் நூல் நீளாது மாப்ள. அது ஜீன்ஸ் தைக்கிற நூல்.”

“அப்போ காத்துல ஆடி அவிழ்ந்திருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் வேற வேலை இல்லை. நகரு.”

அவர் மறுபடியும் சாக்கின் பக்கம் போனார். அவள் சாக்கை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நூல்தான் நீண்டிருந்தா நானே உங்களை உள்ளே அனுப்பறேன். பார்த்துடலாமே” என்றாள். பயம் இறங்கி, அந்தப் பழைய குடைச்சல் அவள் முகத்துக்கு வந்துவிட்டது.

முதலில் இரண்டு நூலையும் அவிழ்த்து இடம் மாற்றிக் கட்டினாள். இடது பக்க நூல் வலதுக்கு, வலது பக்க நூல் இடதுக்கு. வலதுக்குப் போன நூலில் பொத்தான் நுழைந்தது. இடதுக்கு வந்த நூலின் நட்டு தரையில் படுத்துக்கொண்டது. நூல் குற்றவாளி இல்லை என்று ஆயிற்று.

“முன் டயர்ல காத்து இறங்கியிருக்கும்” என்றார் மாப்பிள்ளை. கைகட்டி நின்றாலும் கேள்வி அவரையும் கொஞ்சம் தொட்டுவிட்டது. நான் கடை டேப்பை எடுத்து இரண்டு முன் சக்கரங்களிலும் இரும்பு விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்தேன். நாலே கால் அங்குலம், இதிலும் அதிலும். டயரும் இல்லை.

“ஸ்டாண்டு பல்லு வழுக்கியிருக்கும்.”

தங்கை எட்டத்தில் குந்தி டார்ச் அடித்து எண்ணினாள். இரண்டு ஸ்டாண்டிலும் நாலாவது பல். அப்படியேதான் இருந்தது.

“நூல் இல்லை, டயர் இல்லை, ஸ்டாண்டு இல்லை. அப்புறம் என்னதான் மிச்சம்?” என்றார்.

அவள் டார்ச் வெளிச்சத்தை இடது ஸ்டாண்டின் உச்சியிலிருந்து மெதுவாகக் கீழே இறக்கினாள். கம்பம், நாலு கால், காலின் பாதம், பாதத்துக்குக் கீழே சிமெண்ட். அங்கே வெளிச்சம் நின்றது. ஸ்டாண்டின் சுவர்ப்பக்கத்து இரண்டு பாதங்களைச் சுற்றித் தலைமுடி கனத்தில் ஒரு வளைந்த கோடு.

முதலில் காரை இறக்கினோம். ஜாக்கி நின்ற இடத்தை மரச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, வெளியே நின்றபடியே நீளப் பிடியை அழுத்தி ஏற்றினாள். ஸ்டாண்டுகளைக் கை நுழைக்காமல் துடைப்பக் கட்டையால் இழுத்தாள். கார் தன் சக்கரங்களில் வந்து உட்கார்ந்தது. பிரேக்கை விட்டு மூவருமாகத் தள்ளி, அதை வாசல் பக்கம் நகர்த்தினோம்.

பிறகு அவள் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் தட்டினாள். வாசல் பக்கம் தட்டினால் ‘டொக் டொக்’ என்று கெட்டியான சத்தம். சுவர்ப்பக்கம் தட்டினால் பானையைத் தட்டியது போல ‘டம்’ என்றது.

“பழைய சிமெண்ட், அப்படித்தான் சத்தம் வரும்” என்றார் மாப்பிள்ளை. “இங்கே குடு.” சுத்தியலை வாங்கி, ஒன்றுமில்லை என்று காட்டுவதற்காக ஓங்கி ஓர் அடி அடித்தார்.

சுத்தியல் தலை உள்ளே போய்விட்டது.

அவர் பிடியை விடாமல் அப்படியே குனிந்து நின்றார். பிறகு மெதுவாக உருவி எடுத்தார். தட்டு அளவுக்கு ஓட்டை. இரண்டு அங்குல சிமெண்ட், அதற்குக் கீழே மண் இல்லை, இருட்டுதான். துடைப்பக் கட்டையை விட்டுப் பார்த்தார். முழங்கை ஆழத்துக்குப் போய் ஈரத்தில் முட்டியது. தங்கை கட்டையின் நுனியை மோந்து பார்த்தாள்.

“சோப்பு வாசம்” என்றாள். “துணி துவைக்கிற தண்ணி போற குழாய் இந்த வழியாத்தான் போகுது. எங்கேயோ உடைஞ்சிருக்கு. மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுக்கிட்டே போயிருக்கு.”

“இத்தனை நாள் கார் நின்னுதே?”

“இந்த இடத்தில எங்கே நின்னுது? இன்னிக்குத்தானே நிழலுக்காக உள்ளே தள்ளினீங்க. டயர்னா அகலமா, மெத்துனு உட்காரும். ஸ்டாண்டு காலு குத்தி நிக்கும். ஒரு ஸ்டாண்டுக்கு நூத்தி எண்பது கிலோவுக்கு மேல. நாலு காலுக்குப் பங்கு போட்டாலும் ஒரு காலுக்கு ஒரு மூட்டை.”

மாப்பிள்ளை ஓட்டையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். தன் நெஞ்சை ஒருமுறை கையால் தடவிக்கொண்டார். அதை நான் பார்த்தேன் என்று தெரிந்ததும் சட்டையில் தூசி தட்டுவது போலத் தட்டினார்.

அந்த நேரத்தில் என் தங்கை நினைத்திருந்தால் எவ்வளவோ சொல்லிக் காட்டியிருக்கலாம். நானாக இருந்தால் ஒரு வருடத்துக்குச் சொல்லியிருப்பேன். அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“தப்பு என்னோடதும்தாங்க. மேடையில தினமும் காலையில சுத்தி வந்து தரையைப் பார்க்கிறவ நான். பூஜ்யம் வந்தாத்தான் முதல் லாரியையே ஏத்துவேன். இங்கே ஜாக்கியைப் பார்த்தேன், ஸ்டாண்டைப் பார்த்தேன், பல்லை எண்ணினேன். தரை சும்மா நம்ம வீட்டுத் தரைதானேன்னு ஒரு நாளும் பார்க்கலை.”

“அதைத்தான் பொத்தான் பார்த்துதே” என்றார் மாப்பிள்ளை. சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

அம்மா உள்ளேயிருந்து, “என்ன சத்தம்?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லைம்மா, முற்றத்தில ஓட்டை” என்றேன். “எவ்வளவு பெரிசு?” என்றாள். நல்ல கேள்விதான். தங்கை சுத்தியலை எடுத்துக்கொண்டு தட்டித் தட்டிப் போனாள். ‘டம்’ என்று கேட்ட இடமெல்லாம் மாப்பிள்ளை சாக்குக்கட்டியால் புள்ளி வைத்துக்கொண்டே போனார். புள்ளிகளைச் சேர்த்தபோது ஒரு கோணல் பூசணிக்காய் போல, துணி துவைக்கும் குழாயடியிலிருந்து சமையலறைச் சுவரின் மூலை வரைக்கும் வந்தது. அதைச் சுற்றிக் கயிறு கட்டினோம். மறுவாரம் கொத்தனார் வந்து தோண்டிக் குழாயை மாற்றிக் கெட்டித்தார். அது வேறு கதை.

வளையம் இன்னும் மாட்டவில்லை. காரை வாசலுக்கு வெளியே, கல் பாவிய தெருவோரத்தில் நிறுத்தினோம். அங்கே சரிவு கிடையாது. இந்தமுறை மாப்பிள்ளையே சுத்தியலால் ஸ்டாண்டு வைக்கும் இரண்டு இடத்தையும் சுற்றிலும் தட்டினார். தங்கை பழைய கட்டில் பலகை ஒன்றை எடுத்து வந்து, இரண்டாக அறுத்து, ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் ஒன்று வைத்தாள். கட்டை, கியர், ஜாக்கி, ஸ்டாண்டு. தள்ளிப் பார்த்தார்கள், இரண்டு பேருமாக. நூல் தொங்கியது.

ஆறிப்போன டீயை மாப்பிள்ளை குடித்தார். குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

“போதும், நுழையுது. ரெண்டு பக்கமும் நுழையுது” என்றாள் அவள்.

“இன்னும் ஒரு நிமிஷம் இருக்கட்டும்” என்றார்.

பிறகு சாக்கை விரித்து, புது வளையத்தோடு உள்ளே போனார். அவள் காரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அவர் குரல் கேட்கும் இடத்தில், தரையில் உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில் பழைய வளையம் வெளியே உருண்டு வந்தது. இன்னும் ஐந்து நிமிடத்தில் ஸ்பேனரும் வந்தது. ஆள் வரவில்லை.

“என்ன ஆச்சு? மாட்டலையா?”

“மாட்டியாச்சு, மாட்டியாச்சு. இரு. இந்த ஒல்லிக் குழாய் எங்கே போகுது?”

“அது பெட்ரோல் போற குழாயா இருக்கும். தொடாதீங்க.”

“தொடலை. இங்கே கறுப்பா ஒரு டப்பா மாதிரி தொங்குதே?”

“கரித்தூள் வச்ச டப்பாவாம். பெட்ரோல் ஆவியைப் பிடிச்சு வைக்குமாம். மெக்கானிக் சொன்னார்.”

“கார்ல கரித்தூளா! சரி, அதுக்கும் மேல ஒரு தகடு மடிச்சு வச்சிருக்கான். ஒரு பக்கம் மட்டும் வச்சிருக்கான், இன்னொரு பக்கம் இல்லை. அது எதுக்கு?”

அவள் கன்னத்தைத் தெருக்கல்லில் வைத்து, தன் டார்ச்சை உள்ளே உருட்டிவிட்டு, வெளியே இருந்தபடியே எட்டிப் பார்த்தாள்.

“எங்கே? கொஞ்சம் அந்தப் பக்கம் காட்டுங்க. உங்க கை மறைக்குது.”

“இதோ. இப்போ தெரியுதா?”

“தெரியுது. சூடு தடுக்கவா இருக்குமோ?”

“அப்போ ரெண்டு பக்கமும் இல்ல வைக்கணும்?”

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் மகள் தலை சாய்த்துப் படுத்திருப்பதையும், காருக்கு அடியிலிருந்து மருமகனின் கால்கள் நீட்டியிருப்பதையும் பார்த்தாள்.

“ஏண்டா, இன்னும் வேலை முடியலையா?” என்று என்னைக் கேட்டாள்.

“வேலை முடிஞ்சு அரை மணி நேரம் ஆச்சும்மா” என்றேன்.